டூர் நோட்டீஸில் இருந்து அந்த வரியை எடுங்கள்

மண்ணடி, பாரிமுனை, ராயபுரம், தண்டையார்பேட்டை பகுதிகளில் அந்தமானுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறைக்கான உங்கள் நோட்டீஸ்கள் கைக்கு வரத் தொடங்கிவிட்டன. அதில் ஒன்றில், "நான்காம் நாள்: அடர்ந்த காட்டு வழிப் பயணம், ஜாரவா ஆதிவாசிகளை நேரில் காணலாம்" என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "கொடுக்க விரும்புவோர் பிஸ்கட், வாழைப்பழம் எடுத்து வரவும்." நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அச்சடித்தவருக்கே தெரியும். மற்ற சிலர் நோட்டீஸில் போடுவதில்லை, ஆனால் முன்பணம் வாங்கும்போது வாயால் சொல்வது இதைத்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாயாலும் சொல்லாதீர்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. அந்தமானின் பழங்குடிகளைப் பாதுகாக்கும் ஒழுங்குமுறை 1956இல் வந்தது, 2012இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஜாரவாக்கள் வாழும் காட்டுக்குள் சாலை நுழையும் இடத்தில் உள்ள ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் பயணிகளின் அடையாள அட்டை விவரத்தோடு படிவம் நிரப்பிக் கொடுப்பது உங்கள் ஆட்கள்தான். நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது என்று அங்கேயே பெரிய பலகையில் எழுதியிருக்கிறது. முன்னும் பின்னும் காவல்துறை வர, வண்டிகளை வரிசையாகத்தான் காட்டுக்குள் விடுகிறார்கள். சாப்பாட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012இல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் போகவே இடைக்காலத் தடை போட்டது. பிறகு தடை விலகியது. ஆனால் விலகியது சாலைக்கான தடை மட்டும்தான். மனிதரை வேடிக்கை காட்டிக் காசு பார்க்க யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

பிஸ்கட் கொடுப்பதில் என்ன தப்பு, நல்ல மனசுதானே என்று பலர் நிஜமாகவே நினைக்கிறார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். ஜன்னல் திறக்கிறது, ஒரு பாக்கெட் பறக்கிறது, அது சாலையின் நடுவே விழுகிறது. ஓரத்தில் நிற்கும் குழந்தை அதை எடுக்க ஓடி வருகிறது. பின்னால் வரும் வண்டிக்கும் இதற்கும் இடைவெளி குறைவு. வளைவான சாலை, இரண்டு பக்கமும் மரம். ஓட்டுநர் பிரேக் போட்டால் வரிசை முழுக்க முட்டிக்கொள்ளும். அப்படியும் குழந்தை தப்பிவிட்டது என்று வையுங்கள். நாளைக்கும் அது அதே இடத்தில் வந்து நிற்கும். பன்றி வேட்டை, தேன், மீன், கிழங்கு என்று தன் உணவைத் தானே தேடிக்கொண்ட ஒரு சமூகத்தின் பிள்ளை பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கையேந்தப் பழகுகிறது. பழக்கிவிட்டவர் ஐந்து நாள் டூர் முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

இதைவிடப் பெரியது நோய். 1990களின் கடைசி வரை வெளியாட்களை அண்டவிடாமல் வாழ்ந்தவர்கள் ஜாரவாக்கள். நமக்குச் சாதாரணமான சளிக்கும் அம்மைக்கும் அவர்கள் உடம்பில் தலைமுறை தலைமுறையாக வந்த எதிர்ப்பு கிடையாது. 1999இலும் 2006இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் மொத்தமே 380 பேர். ராயபுரத்தில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தி வைத்தால் உட்காரும் கூட்டம், அவ்வளவுதான். 1858இல் வெள்ளைக்காரன் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கைதிக் குடியிருப்பு போட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள் அம்மையிலும் மேகநோயிலும் செத்து மடிந்து இன்று சில பத்துப் பேராக நிற்கிறார்கள். இருமிக்கொண்டே நீட்டும் வாழைப்பழம் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வேடிக்கைப் பொருளாவது எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்கு வந்து, மீன் வெட்டும் அக்காவின் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "லோக்கலா ஒரு டயலாக் பேசுங்கக்கா" என்று கேட்கிறவர்களை நமக்குத் தெரியும். "இன்னாப்பா, இங்க படமா காட்றாங்க?" என்று அந்த அக்காவால் கேட்க முடிகிறது. கூடையை நகர்த்தி வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார முடிகிறது. அந்தக் காட்டைத் தாண்டி பாரடாங் தீவுக்குப் போகும் சாலையில் நிற்பவருக்கு நம் மொழி தெரியாது. படம் எங்கே போகிறது, யார் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் தெரியாது. நம் ஏரியாவில் நடந்தால் கோபப்படுகிற நாமே அங்கே போய் அதைச் செய்யலாமா?

பாரடாங் போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சுண்ணாம்புக் குகையும், அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகுப் பயணமும், சேற்று எரிமலையும் பார்க்க வேண்டியவைதான். போகிறீர்கள் என்றால் ஒழுங்காகக் கூட்டிப் போங்கள். முதல் வரிசையைப் பிடிக்க விடியும் முன்னே போர்ட் பிளேரில் இருந்து கிளம்புவீர்கள். அப்போதே எல்லோருக்கும் சொல்லுங்கள்: ஜிர்காடாங்கில் வண்டி ஏறியதும் போன், கேமரா எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும், காட்டுச் சாலை முடியும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரிக்கு இறங்கும் வரை வெளியே எடுக்கக்கூடாது. கண்ணாடி ஏற்றியே இருக்கட்டும். இடையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, எங்கேயும் நிற்க முடியாது. ஆகவே பெரியவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் சாவடியிலேயே கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். நடுக்காட்டில் "வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டுப்பா" என்ற குரல் பல நேரம் அதனால்தான் வருகிறது. தின்பண்டம் எல்லாம் பஸ்ஸின் அடியில் பெட்டிக்குள் இருக்கட்டும். யாரும் தென்பட்டால் கத்தக்கூடாது, கை ஆட்டக்கூடாது, எழுந்து ஒரே பக்கம் சாயக்கூடாது. மெதுவாகப் போகச் சொல்லி ஓட்டுநர் கையில் தனியாகப் பணம் வைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வழக்கு வந்தால் முதலில் மாட்டுவது அந்தத் தீவுக்கார ஓட்டுநர்தான். உங்கள் பயணிக்குத் திரும்பி வர டிக்கெட் இருக்கிறது. அவருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு.

பேச்சு வந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறோம். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழ்க் கடைக்காரரிடம் "தமிழனே தமிழன ஏமாத்துறியே" என்று சண்டை போடுகிறவர்களைத் தடுப்பது யார்? அங்கே விற்கும் வெங்காயமும் பருப்பும் நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் கப்பல் ஏறிப் போகின்றன, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டி. அங்கே விலை கூடாமல் என்ன செய்யும்? கோடையில் போர்ட் பிளேர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் நாள் விட்டுத்தான் வரும். உங்கள் குழு தங்கும் லாட்ஜில் ஷவரைத் திறந்துவிட்டுத் துணி துவைக்கிறார்கள். நீல் தீவில் (இப்போது ஷஹீத் த்வீப்) கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளில் இறங்கிப் பவளத்தை மிதிக்கிறார்கள், கடல் அட்டையைக் கையில் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். இரண்டுமே வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இணையான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. செத்த பவளத் துண்டைப் பையில் போட்டு வந்தாலும் விமான நிலைய ஸ்கேனரில் பிடிப்பார்கள். செல்லுலார் சிறையின் தூக்கு மேடையில் கயிற்றைக் கழுத்துக்கு நேரே பிடித்து செல்ஃபி எடுப்பவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள். கடன் வாங்கி முன்பணம் கட்டி, வாழ்நாளில் ஒருமுறையாவது கடல் தாண்டிப் பார்க்க ஆசைப்படும் நம் தெருக் குடும்பங்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறீர்கள். அதற்கு நன்றி. அந்த வரி இல்லாமலே உங்கள் டூர் நிரம்பும். ஜாலி பாய் தீவு திறந்திருக்கும் மாதங்களில் வண்டூரில் இருந்து அங்கே படகு உண்டு, பிளாஸ்டிக் இல்லாமல் போனால் போதும். சிடியாடாப்பூவில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். ரங்கத் வரை போக விரும்புவோருக்குக் கடல் வழியே அரசுப் படகு இருக்கிறது, காட்டைத் தொடவே வேண்டாம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். மே மாதக் குழு கிளம்பும் முன் நோட்டீஸை மாற்றி அச்சடியுங்கள். ஏற்கெனவே கொடுத்த நோட்டீஸுக்கு, "ஜாரவா மக்களைக் காட்டுவது எங்கள் பயணத் திட்டத்தில் இல்லை, யாரும் உணவுப் பொருள் எடுத்து வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு திருத்தம் போடுங்கள். முன்பணம் கட்டியவர் யாராவது அதற்காகவே வருவதாகச் சொன்னால், அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைவாசிகள் சிலர்