எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்ட தங்கச்சிக்கு

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் இங்கே நலம். அப்பா, அம்மா, அப்பாயி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனில் கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டாய், இன்டர்வியூவுக்குப் போகப்போகிறாய், இங்கிலீஷுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றாய். எந்தப் புத்தகமானாலும் சரி. அதன் பின்பக்கத்து வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்வதை மட்டும் விட்டுவிடு. முழு வாக்கியமாகப் படி, வாய்விட்டுச் சொல்.

என் வேலையை வைத்தே சொல்கிறேன். கப்பலில் சரக்கு அனுப்பித் தரும் அலுவலகம் எங்களுடையது. சிங்கப்பூர்த் துறைமுகம் 2024-இல் கையாண்ட சரக்கு, இருபதடி கன்டெய்னர் கணக்கில் 4.1 கோடிக்கு மேல். அதனால் போன் ஓயாது. கப்பல் எப்போது கிளம்பும், கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம், எத்தனை மணிக்கு, பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீது தயாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கையில் பதில் இல்லாத நேரத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ." இதில் உனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றாவது இருக்கிறதா? பள்ளிக்கூடத்திலேயே படித்தவைதான். ஆனால் தனித்தனியாகத் தெரிந்தவனுக்கு, எதிர்முனையில் ஆள் காத்திருக்கும்போது, கோத்துச் சொல்ல வராது. வாக்கியமாகப் பழகியவனுக்கு யோசிக்காமல் வரும்.

தொழில் வார்த்தைகளைப் பணத்தோடு சேர்த்துப் படி. டெமரேஜ், டிடென்ஷன் என்று இரண்டு உண்டு. இலவச நாள் முடிந்த பிறகும் கன்டெய்னரைத் துறைமுகத்திலேயே விட்டுவைத்தால் கட்டுவது டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலிப்பெட்டியைத் திருப்பித் தர நாளானால் கட்டுவது டிடென்ஷன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இது ஒருநாளும் மறக்காது. உனக்கு இன்வாய்ஸ், கிரெடிட் நோட், ஓவர்டியூ, பேமென்ட் டெர்ம்ஸ் எல்லாம் அப்படித்தான். மாமா கடையில் இருக்கும் பழைய பில்களைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்.

மரியாதை விஷயம் ரொம்ப முக்கியம். தமிழில் 'அனுப்பு' என்பதை 'அனுப்புங்கள்' என்று மாற்றினால் போதும், மரியாதை வந்துவிடும். இங்கிலீஷில் 'சென்ட்' யாருக்கும் 'சென்ட்'தான். அதனால் மரியாதையை முன்னால் வைக்கவேண்டும்: "குட் யூ ப்ளீஸ் சென்ட்..." நம் பிள்ளைகள் நல்ல மனதோடு "சென்ட் மீ த டாக்குமெண்ட்" என்று எழுதுகிறார்கள். வாங்குபவருக்கு அது அதட்டலாகக் கேட்கிறது. இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, 'யெஸ்', 'நோ'. "மெயில் வரலியா?" என்றால் நாம் "ஆமா, வரல" என்போம். இங்கிலீஷில் அந்த இடத்தில் "நோ, ஐ டிட்ன்ட்" என்றுதான் வரும். வெறும் "யெஸ்" என்றால், மெயில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் இதனால் ஒரு மெயில்தான் வீணாகும். ஆனால் கட்டட வேலையில் இருக்கும் நம் சித்தப்பா மகனை நினைத்துப் பார். அவனுக்குக் காலையில் வேலை தொடங்கும் முன் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும், அன்றைய வேலையில் என்ன ஆபத்து என்று சொல்வார்கள். "பெல்ட் மாட்டலியா?" என்ற கேள்விக்கு "யெஸ்" என்று மொட்டையாகச் சொன்னால் என்ன ஆகும்? அதனால் அவனிடம் முழுதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். புரியாவிட்டால் தலையாட்டாதே, "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், ப்ளீஸ் ஷோ மீ" என்று கேள் என்றும் சொன்னேன். அவனுக்கு இங்கிலீஷ் உயிர் சம்பந்தப்பட்டது.

போனில் எழுத்துச் சொல்வதையும் பழகு. கன்டெய்னர் நம்பர் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். போனில் பி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். அதனால் ஏ, பி, சி, டி என்பதற்கு ஆல்பா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சொல்லவேண்டும். விமானிகளும் மாலுமிகளும் உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் 'பி ஃபார் பாம்பே' என்போம், அங்கே அது சரி. ஆனால் எதிர்முனையில் பேசுபவர் ரோட்டர்டாமில் இருந்தால் பிராவோதான் நல்லது. அதேபோல "ஐ ஹாவ் எ டவுட்" என்று எழுதாதே. கேள்வி கேட்கிறாய் என்று நாம் நினைப்போம், 'இவள் என்னைச் சந்தேகப்படுகிறாள்' என்று வெள்ளைக்காரர் நினைப்பார். "ஐ ஹாவ் எ கொஸ்டின்" போதும். 'பிரிபோன்' (முன்கூட்டியே வைப்பது), 'டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்யவும்) எல்லாம் நம் நாட்டோடு சரி.

காப்பிக்கடை இங்கிலீஷ் தனி. இங்கே தமிழும் ஆட்சிமொழி, மலாய், சீனம், இங்கிலீஷோடு நான்கில் ஒன்று. ஆனால் காப்பிக்கடையில் நான்கும் ஒரே வாயில் கலந்து வரும். கோப்பி என்றால் கெட்டிப்பால் போட்டது. கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். கோசோங் சேர்த்தால் சர்க்கரை கிடையாது, பெங் என்றால் ஐஸ். முடியுமா என்றால் "கேன்", முடியாது என்றால் "கெனாட்", அவ்வளவுதான் பேச்சு. அரசாங்கம் 2000-இலேயே நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கியது. ஆனாலும் எனக்கு இந்தக் காப்பிக்கடைப் பேச்சு மிகவும் பிடிக்கும். டீ ஆற்றும் அங்கிளிடம் அப்படித்தான் பேசவேண்டும், அதுதான் நெருக்கம். மெயிலில் மட்டும் அது வரக்கூடாது.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நான் ஒரே செய்தியை முதலில் இங்குள்ள தமிழ் நாளிதழான தமிழ் முரசில் படிக்கிறேன், அப்புறம் இங்கிலீஷ் பேப்பரில். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் வாக்கியம் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க முடிகிறது. நீ அங்கே தினத்தந்தியையும் ஹிந்துவையும் வைத்து இப்படிச் செய்யலாம்.

இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" கட்டாயம் வரும். அப்பா பெயர், ஊர், உடன்பிறந்தவர் என்று ஆரம்பிக்காதே. என்ன படித்தாய், டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ன செய்வாய், எந்த வேலை வேண்டும், இவை போதும். அதை உன் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டு, திருத்த வேண்டியதைச் சொல்கிறேன். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ எல்லோரும் அவரவர் நாக்கில்தான் பேசுகிறார்கள். அவசரப்படாமல் பேசினால் போதும்.

இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். அம்மாவின் கண்ணாடியை முதலில் மாற்றச் சொல்.

அன்புடன்,
அண்ணன்