நர்சரிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்: அத்திச் செடியில் அட்டை மாட்டும் முன்

அன்புள்ள நர்சரி உரிமையாளர்களுக்கும், வீட்டிலேயே போத்து (வெட்டிய கிளைத்துண்டு) வேர்பிடிக்க வைத்து விற்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். சீமை அத்தி தேடி உங்களிடம் வரும் மாடித்தோட்டக்காரர்களில் நானும் ஒருவன். தொட்டியிலும் காய்க்கிறது, ஓரளவு வெயில் இருந்தால் முதல் வருடமே நாலு பழம் காட்டிவிடுகிறது என்பதால் இப்போது அத்தி இல்லாத நர்சரியே இல்லை. சந்தோஷம்தான். சிக்கல் செடியில் இல்லை, அதில் தொங்கும் பெயர் அட்டையில் இருக்கிறது.

பூனா, டயானா, டர்க்கி பிரவுன், ப்ளாக் மிஷன், இஸ்ரேல், ஜம்போ, ஆல் சீசன் என்று பெயர்களுக்குக் குறைவில்லை. நான் வழக்கமாகப் போகும் ஓரிடத்தில் ‘இஸ்ரேல்’ என்று நின்ற வரிசைக்கு அடுத்த மாதம் ‘ப்ளாக் மிஷன்’ அட்டை ஏறியிருந்தது. செடி அதே செடி, விலை மட்டும் கூடுதல். கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதான் சார், நல்லா காய்க்கும்” என்றார்கள். காய்க்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எது காய்க்கும் என்பதுதான் கேள்வி.

பெயரில் என்ன இருக்கிறது, பழம் இனித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஐப்பசி மழையில் கேட்டுப் பாருங்கள். அத்திப்பழத்தின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதைக் கண் என்போம். கண் அகலமாகத் திறந்திருக்கும் ரகத்தில் மழைநீரும் ஈயும் சிறு வண்டும் உள்ளே போய், பழுப்பதற்குள் பழம் புளித்து நாறிவிடும். கண் இறுக மூடிய ரகம் அதே மழையில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சென்னையிலோ கடலூரிலோ மாடியில் வளர்ப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். ரகம் தெரியாமல் வாங்குகிறவர் இதை இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

“இலையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்” என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாட்டு அத்தியையும் சீமை அத்தியையும் அப்படிப் பிரிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். நாட்டு அத்தியின் இலையில் பிளவு கிடையாது, காயும் அடிமரத்தில் கொத்துக் கொத்தாக வரும். பெரிய வட்ட இலையோடு ‘ஜம்போ’ என்று விற்கப்படும் யானைக்காது அத்தியும் தனி இனம், அதுவும் பார்த்தவுடன் தெரியும். நாட்டு அத்தியின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளை நாட்டு அத்திதான். அதை வளரவிட்டுவிட்டு “ரகம் மாறிப்போச்சு” என்று உங்களிடம் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அது உங்கள் தவறில்லை.

ஆனால் சீமை அத்திக்குள்ளேயே ஒரு ரகத்தை இன்னொன்றிலிருந்து இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது வேறு கதை. என் தொட்டிச் செடி ஒன்றில் இப்போது ஒரே கிளையில் மூன்று விதமான இலை இருக்கிறது. அடியில் பிளவே இல்லாமல் இதய வடிவம், நடுவில் மூன்று விரல், மேலே ஆழமாகப் பிளந்த ஐந்து விரல். நிழலில் வளர்ந்தால் ஒரு மாதிரி, தழைச்சத்து அதிகமானால் ஒரு மாதிரி, கவாத்துக்குப் பிறகு சீறி வரும் துளிரில் இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு மொசைக் நோய் வேறு. போத்து வழியாகவும், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வழியாகவும் பரவும் இந்த வைரஸ் பிடித்தால் இலையில் வெளிறிய திட்டு விழும், ஓரம் கோணும், பிளவு ஏறுக்குமாறாகும். நோய் பிடித்த இலையைப் ‘புது ரகம்’ என்று காட்டியவர்களையும் பார்த்தாயிற்று. இலை ஒரு சாட்சிதான், தீர்ப்பு ஆகாது. அதிலும் நன்றாக வளர்ந்த கிளையின் நடுப்பகுதியிலிருந்து நாலைந்து இலை பறித்துச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சாட்சிக்கும் மதிப்பு.

“அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு” என்பது நாட்டு அத்தியைப் பற்றிய பழமொழி. சீமை அத்தியிலோ பிட்டுப் பார்த்தால்தான் ரகமே பிடிபட ஆரம்பிக்கும். பச்சைத் தோல் ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடோட்டா, கனாட்ரியா, டயானா மூன்றும் வெளியே பச்சையும் மஞ்சளுமாக ஒன்றுபோலவே தெரியும். இத்தாலியில் டொட்டாட்டோ என்று அழைக்கப்படும் கடோட்டாவை வெட்டினால் உள்ளே தேன் நிறம். நன்றாகப் பழுத்தால் கண்ணில் ஒரு சொட்டுத் தேன் திரண்டு நிற்கும். கலிபோர்னியாவில் கலப்பு செய்து 1956இல் வெளியிட்ட கனாட்ரியாவின் சதையில் செம்மை படர்ந்திருக்கும். டயானா பருத்த பழம், தோல் பொன்மஞ்சளாக மாறும். நம் பக்கத்துப் பூனா அத்தி இவற்றோடு குழம்பாது: மணி வடிவம், மெல்லிய வெளிர் ஊதாத் தோல், உள்ளே சிவப்பு.

இதிலும் அவசரப்படக் கூடாது. பழைய கிளையில் வரும் முதல் விளைச்சலும் புதுத் துளிரில் வரும் முக்கிய விளைச்சலும் ஒரே செடியில்கூட உருவத்தில் வேறுபடும். சுவையும் அப்படியே. புனே மாவட்டத்துப் புரந்தர் அத்திக்குப் புவிசார் குறியீடு உண்டு; அந்த ஊர் விவசாயிகளே ஒரே மரத்தின் இரண்டு விளைச்சலைக் கட்டா பஹார், மீட்டா பஹார் என்று பிரித்துச் சொல்கிறார்கள், அதாவது புளிப்புப் பருவம், இனிப்புப் பருவம். மழைக்காலப் பழத்தைத் தின்றுவிட்டு “இது பூனா இல்லை” என்று சொல்பவரை என்ன செய்வது? கழுத்து தொங்கி, பறித்தால் காம்பில் பால் வடிவது நின்ற பழத்தை, இரண்டு பருவமாவது வெட்டிப் பார்க்க வேண்டும். முதல் வருடத்துப் பிஞ்சுப் பழங்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பெயர்க் குழப்பத்தை நீங்கள்தான் தொடங்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே கலிபோர்னியாக்காரர்கள் பிரவுன் டர்க்கி என்று விற்பதும் இங்கிலாந்தின் பழைய பிரவுன் டர்க்கியும் வேறு வேறு ரகங்கள். கலிபோர்னியாப் பழம் பெரிது, கண் திறந்தது. இப்போது உங்கள் ‘டர்க்கி பிரவுன்’ இந்த இரண்டில் எது? அட்டையில் அதற்குப் பதில் இல்லை. மழையைப் பற்றி மேலே சொன்னது நினைவிருந்தால், பதில் ஏன் வேண்டும் என்பது புரியும்.

இன்னொரு குழி இருக்கிறது. எல்லாச் சீமை அத்தியும் தானாகக் காய்த்துவிடாது. ஸ்மிர்னா வகைக்கு, ஆண் அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்து வரும் ஒரு குட்டிக் குளவி வேண்டும். 1880களில் கலிபோர்னியாவில் துருக்கியிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்மிர்னாப் போத்துகளை இறக்கி நட்டார்கள். மரம் தழைத்தது, காய் எல்லாம் உதிர்ந்தது. துருக்கிக்காரர்கள் மட்ட ரகத்தைத் தள்ளிவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. 1899இல் ஃப்ரெஸ்னோவில் அந்தக் குளவியைக் கொண்டுவந்து நிலைக்க வைத்த பிறகுதான் காய் உதிராமல் நின்றது. நம் நாட்டு அத்திக்குள் இருக்கும் குளவி வேறு, அது இதற்கு உதவாது. ஆக, ‘துருக்கி ஒரிஜினல்’ என்று பெருமையாக ஒரு ஸ்மிர்னாச் செடியை நீங்கள் விற்றால், வாங்கியவர் ஆயுசுக்கும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் கஷ்டமும் தெரியும். ஆந்திரத்தின் கடியத்திலிருந்தோ புனே பக்கமிருந்தோ லாரியில் செடி வந்து இறங்குகிறது, பாதி அட்டை வழியிலேயே விழுந்துவிடுகிறது, வாடிக்கையாளரோ பெயர் சொன்னால்தான் பணத்தை எடுக்கிறார். மரபணுச் சோதனை செய்து பாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கலிபோர்னியாவின் டேவிஸில் அத்தி ரகங்களை வளர்த்துக் காக்கும் அரசுச் சேகரிப்பில் அதைச் செய்கிறார்கள். நம் தெருமுனை நர்சரிக்கு அது கட்டுப்படியாகாது.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். வந்த பெயரை மாற்றாதீர்கள், வராத பெயரை வைக்காதீர்கள். தாய்ச்செடி ஒன்றையாவது உங்கள் இடத்திலேயே காய்க்கவிட்டு, பழத்தைக் கண் தெரிய ஒரு படம், குறுக்கே வெட்டி ஒரு படம் எடுத்து மாட்டி வையுங்கள். போத்து வெட்டும்போதே பென்சிலால் அட்டை எழுதிக் கட்டிவிடுங்கள். பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது. அட்டை இப்படி இருந்தால் போதும்:

“பெயர்: தெரியாது. தாய்ச்செடி: புனேயிலிருந்து வந்தது. பழம்: பச்சைத் தோல், உள்ளே சிவப்பு, கண் மூடியது. இங்கே காய்த்துப் பார்த்தோம்: ஆம்.”

இப்படி ஒரு அட்டை தொங்கும் செடிக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேளுங்கள், நான் தருகிறேன். பக்கத்தில் ‘ப்ளாக் மிஷன் ஒரிஜினல்’ என்று மட்டும் எழுதியது பாதி விலைக்கு நின்றாலும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்