கண்ணு, எட்டு மணிக்குக் கூப்பிடு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தினாயே, நாலாவது படிக்கிற உன் பையனுக்கு ஒரு பக்கம் வாசிக்க வரவில்லை, அந்த டீச்சர் என்னதான் செய்கிறார் என்று, அதற்காகவே மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். சண்டை போட இல்லை. (கொஞ்சம் அந்த எண்ணமும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.)

வகுப்பில் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், வாசிக்கத் தெரியும் என்றே நினைத்திருந்தேன் என்றார் டீச்சர். வீட்டிலும் அப்படித்தான், ஆனால் ஒருநாள் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டு அடுத்த பக்கத்துப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான், அதைச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் போனதும் அவர் பாடத்தில் இல்லாத இரண்டு வரி எழுதி வாசிக்கச் சொன்னார். திணறினான். எல்லாம் கொம்பு பண்ணுகிற வேலை! எழுத்துக்கு முன்னால் நிற்கிறது பின்னால் ஏன் ஒலிக்க வேண்டும் என்று குழம்பி, 'கொ' வந்தால் கொம்பை விட்டுவிட்டு துணைக்காலை மட்டும் பார்த்து 'கா' என்கிறான்.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எங்களுக்குள் போய் வருகிறது. எங்கே தடுக்கினான் என்று நான் எழுதுகிறேன், மறுநாள் அவர் அதை வைத்து நாலு சொல் எழுதித் தருகிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாசிக்கவைக்க அரசு நடத்துகிற வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியில் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன, இவனுக்கு 'நுழை'. பக்கத்துப் பையன் 'ஓடு' வைத்திருக்கிறான் என்று அழுதான், அப்புறம் கதை பிடித்துப்போய் மறந்துவிட்டான்.

சனிக்கிழமை நைனா அவனைத் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏற்றி விம்கோ நகர் வரை கூட்டிப் போனார். பெயர்ப்பலகையெல்லாம் இவன்தான் வாசிக்க வேண்டும். சுங்கச்சாவடியை ஒரே மூச்சில் சொன்னவன், திருவொற்றியூர் தேரடியில் 'தெரடி' என்றானாம். நைனா திருத்தாமல் சும்மா இருந்தாராம், அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். கதவு மூடுவதற்குள் இவனே இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "தேரடி, தாத்தா" என்றிருக்கிறான்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். இங்கே எட்டு மணி என்றால் அபுதாபியில் ஆறரை. அப்போது கூப்பிடு. மார்க் கேட்காதே. ஒரு பக்கம் வாசிப்பான், தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் மனதுக்குள் அஞ்சு வரை எண்ணு. முடித்ததும் அடுத்து என்ன ஆகும் என்று அவனிடமே கேள். நோட்டில் 'அப்பா கேட்டார்' என்று டீச்சர் ஒரு கட்டம் போட்டிருக்கிறார், நேற்று வரை அது காலியாகத்தான் கிடக்கிறது.

அம்மா