முதலில் தண்ணீர் வழியைக் குறியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

2009 நவம்பரில் நீலகிரியில் உள்ள எங்கள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியது. ஊட்டியில் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. இப்படிப்பட்ட மழை இனியும் வரும். ஆனால் மலையில் வீடோ காட்டேஜோ கட்டுகிறவர்கள் இன்றும் முதல் வேலையாக ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டிச் சமன் செய்கிறார்கள். தண்ணீர் எங்கே போகும் என்பது அடுத்த மழையில்தான் தெரிகிறது.

எங்கள் ஊருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் வடிய ஒரு குழாய்த் துண்டுகூட வைக்கவில்லை. பின்னால் ஊறும் மழைநீர் சுவரைத் தள்ளி, நடுவில் வயிறு போலப் புடைத்து நிற்கிறது. அடியில் கசிவது தெளிந்த நீராக இருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதல். இப்போது கலங்கலாக வருகிறது; உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுவருக்குக் கீழே நான்கு வீடுகள் இருக்கின்றன.

விவசாயிகளான நாங்களும் மாற வேண்டும். தண்ணீர் தேங்கினால் கேரட் அழுகிவிடும் என்று பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாகப் போடுகிறோம். மழையோடு மேல்மண்ணும் ஓடிவிடுகிறது. படிக்கட்டு போல, உள்பக்கம் லேசாகச் சாய்ந்த படித்தளமும், தண்ணீர் இறங்கப் புல் வளர்த்த வாய்க்காலும் அமைத்தால் பயிரும் அழுகாது, மண்ணும் தங்கும். 1954 முதல் ஊட்டியில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வழி தெரியாமல் இல்லை. ஒரு ஏக்கரைப் படித்தளமாக்கும் கூலிச் செலவைச் சிறு விவசாயி தனியாகத் தாங்க முடியாது, அவ்வளவுதான். அப்புறம், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சதுப்பை வடித்துக் காய்கறி போடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் ஓடையில் விடுவது அந்த ஈர நிலம்தான்.

நிலவடிவமைப்பு (லேண்ட்ஸ்கேப்) படித்தவர்கள் இங்கே வருவதே ரிசார்ட்டுக்குப் புல்தரை போடத்தான். சரிவைப் பார்த்து, நீர் இறங்கும் வழியை அறிந்து, எங்கே வெட்டலாம், எங்கே தொடக்கூடாது என்று சொல்வதும் அவர்கள் படிப்புதானே? அந்த அறிவு ஊராட்சிக்கு வேண்டும். கட்டிடம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று இங்கே உயரத்தை அளக்கிறோம். அதே கண்டிப்போடு, ஓடை, ஊற்று, சதுப்பு, முன்பு மண் சரிந்த இடம் எல்லாம் குறித்த வரைபடம் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் மாட்டப்பட வேண்டும். மண் வெட்ட அனுமதி கேட்பவர் தன் இடத்துத் தண்ணீர் எந்த ஓடையில் சேரும் என்று அதில் காட்டட்டும். காட்ட முடியாதவருக்கு அனுமதி தரக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த வேலையைக் கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேரட் விவசாயி ஒருவர்,
கேத்தி பாலாடா, நீலகிரி.