எந்தப் பனி உருகினால் கடல் உயரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘துருவப் பனி உருகினால் கடல் மட்டம் உயரும்’ என்ற ஒரு வரியோடு காலநிலைப் பாடம் பல வகுப்புகளில் முடிந்துவிடுகிறது. எந்தப் பனி என்ற கேள்வி எழுவதே இல்லை. ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி வேறு, கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் கிடக்கும் பனி வேறு. கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அண்டார்டிகப் பனி உருகினால் ஏறத்தாழ 58 மீட்டர். இதை விளக்க ஆய்வகம் தேவையில்லை.

10 செ.மீ. சதுர அடிப்பாகமுள்ள இரண்டு கண்ணாடி டப்பாக்களை எடுத்து, இரண்டிலும் தட்டையான தலையுள்ள, 6 செ.மீ. உயரக் கருங்கல் துண்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சிவிடும். 4 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் நான்கு ஐஸ் கட்டிகளைக் கல்லின் மேலும், மற்றதில் நான்கைத் தண்ணீரிலும் போட்டபின் மட்டத்தைக் குறியுங்கள். ஐஸ் போடுமுன் குறிப்பதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் மிதக்கும் பனியும் மட்டத்தை உயர்த்தியதாகத் தெரியும். தண்ணீர் குறைந்து கட்டி அடியில் தட்டினாலும் அதே குழப்பம்தான். கட்டிக்கு 15 மி.லி. என்றால், கல்லின் மேல் உருகியது மட்டத்தை 0.6 செ.மீ.க்கு மேல் உயர்த்தும்; மற்றதில் மட்டம் மாறாது. அகலமான தட்டில் செய்தால் அந்த உயர்வு பேனாக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துபோகும். காற்றில் இருக்கும் கட்டிகள் மெதுவாகவே உருகும். 40 நிமிடப் பாடவேளையை நம்பாமல் முதல் வேளையில் வைத்து, இடைவேளைக்குப் பின் பாருங்கள். டப்பாவின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கசிவு என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும், துடைத்துக் காட்டுங்கள். (உண்மைக் கடல் உப்பு நீர் என்பதால் மிதக்கும் பனியாலும் மிகச் சிறு உயர்வு உண்டு.)

இங்கேயே நிறுத்தினால் ‘அப்படியானால் மிதக்கும் பனி போனால் என்ன?’ என்று மாணவர் முடிவுகட்டிவிடுவர். பனி மூடிய கடல் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. திறந்த கடலோ ஏறத்தாழ 6 விழுக்காட்டைத்தான். மிச்சத்தைக் கடல் விழுங்கிச் சூடேறுகிறது. இதை அதே நாளில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு இன்னொன்று. இரண்டு தம்ளரில் 200 மி.லி. தண்ணீர், ஒன்றில் 7 கிராம் உப்பு. உப்பை முதல்நாளே கரைத்துவிட்டால் இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். வண்ணம் சேர்த்து உறைய வைத்த கட்டி ஒவ்வொன்றிலும். உப்பு நீரில்தான் முதலில் உருகும் என்று வகுப்பே சொல்லும், உருகுவது நன்னீரில். உருகிய குளிர்நீர் நன்னீரில் கீழே இறங்கிவிடுகிறது. உப்பு நீரிலோ மேலேயே தங்கிக் கட்டியைப் போர்த்திக்கொள்கிறது. கலக்காதீர்கள், கலக்கினால் இந்த அடுக்கு சிதைந்துவிடும்.

ஆசிரியர் பயிற்சிகளில் திரைக்காட்சி நேரத்தில் அரை நாளைக் குறைத்து, இவ்விரண்டையும் ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே செய்ய விட வேண்டும். அதே அமர்வில் அண்டார்டிகாவில் இந்தியா நடத்தும் மைத்ரி, பாரதி நிலையங்களையும் வரைபடத்தில் காட்டலாம். குளிர்பெட்டி இல்லாத பள்ளிகள் ஏராளம். ஜூஸ் கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கொண்டுவரும் சில்லறைச் செலவைப் பள்ளி மானியத்தில் சேர்க்க அனுமதி கிடைத்தால் போதும்.

இயற்பியல் ஆசிரியர்கள்,
நாகப்பட்டினம்.