'வலைக்குத் தடை' என்று சொல்லும் மகப்பேறு மருத்துவர்களுக்கு

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

கர்ப்பப்பையை எடுத்துப் பல வருடம் கழித்து, பிறப்புறுப்பின் உச்சி கீழிறங்கி, "அடியில உருண்டையா ஏதோ இறங்குது" என்று வரும் பெண்களை, "வலை வைக்கிற ஆபரேஷனுக்குத் தடை வந்தாச்சு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது, பிறப்புறுப்பு வழியாக இறக்கத்தைத் தாங்க முன்சுவரில் வைக்கும் செயற்கை வலையைத்தான். வயிற்று வழியாகப் பிறப்புறுப்பின் உச்சியைச் சேக்ரம் எலும்போடு (முதுகெலும்பின் அடியிலுள்ளது) கட்டும் வலைக்கு அது பொருந்தாது.

இதைச் சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்தால் தழும்பு சிறியது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். வயிற்றைத் திறந்து செய்தாலும் உள்ளே வேலை அதேதான். தப்பு நடக்கும் இடங்களும் அவைதான்.

முதல் இடம், வலையைச் சேக்ரத்தோடு தைக்கும் எலும்பு முனை. கேமராவில் முன்னால் துருத்தித் தெரிவது பெரும்பாலும் கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் சேக்ரத்துக்கும் நடுவிலுள்ள எல்5-எஸ்1 தட்டு. அதில் தையல் போட்டால் தட்டில் சீழ் பிடிக்கும். சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு கடும் இடுப்புவலி வந்தால் உடனே எம்.ஆர்.ஐ. எடுங்கள். சற்றுக் கீழே, சேக்ரத்தின் முதல் பகுதியான எஸ்1-இன் முன் நாரில், கரையாத நூலால் இரண்டு மூன்று தையல் போதும். ஆழம் வேண்டாம். இடப்பக்க இலியாக் சிரை பக்கத்திலேயே இருக்கிறது, நடு சேக்ரல் நாளம் நடுவில் கீழ்நோக்கி ஓடுகிறது, வலப்பக்கச் சிறுநீர்க்குழாயைக் கண்ணால் பார்த்த பிறகே வயிற்றின் உள்சவ்வான பெரிட்டோனியத்தை வெட்டுங்கள்.

கீழ்முனையில், மூத்திரப்பையையும் மலக்குடலையும் பிரித்து, வலையின் இரு கைகளையும் முன்சுவரிலும் பின்சுவரிலும் தையுங்கள். ஊசி பிறப்புறுப்பின் உட்பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் பின்னாளில் வலையும் அதே வழியாக வெளியே தெரியும்.

இழுத்துக் கட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. உச்சி தானாக நிற்கும் இடத்தில் வலை தளர்வாகக் கிடக்கட்டும். இறுக்கினால் வலி, இருமினால் மூத்திரக் கசிவு. கசிவு முன்பே ஒளிந்திருக்கவும் கூடும்: ஆபரேஷனுக்கு முன் மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது இறக்கத்தை உள்ளே தூக்கிப் பிடித்து இருமச் சொல்லிப் பாருங்கள். கடைசியாக வலையைப் பெரிட்டோனியத்தால் மூடுங்கள். விட்டால் குடல் அதன் அடியில் நுழைந்து சிக்கும்.

நீண்ட நேரம் மயக்கம் தாங்காத முதியவர்களுக்கு இது வேண்டாம். பிறப்புறுப்புக்குள் தாங்கு வளையம் வைத்தாலே பலருக்குப் போதும்.

இன்னொன்று, இது முதல் ஆபரேஷனுக்கு. கர்ப்பப்பையை எடுத்ததும் மூடிவிடாமல், உச்சி பின்னாளில் இறங்காதபடி, கர்ப்பப்பையைச் சேக்ரத்தோடு இணைத்திருந்த யூட்ரோசேக்ரல் நார்களை உச்சியோடு சேர்த்து மெக்கால் தையல் போட்டுவிடுங்கள். சில நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
இடுப்புத்தள அறுவை சிகிச்சை செய்வோர்