ஒழுகும் பெட்ரோல் டேங்க், இரண்டு இடது பக்க மூடிகள்: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

யெஸ்டி ரோடுகிங் மோட்டார் சைக்கிளுக்கு உங்களிடம் வாங்கிய டேங்க், சைடு பாக்ஸ் மூடி செட் பற்றி நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. எந்த செட் என்று மறுபடி விளக்கப் போவதில்லை. கறுப்பில் தங்கக் கோடு போட்ட அதே செட், நீங்களே செய்து விற்பது.

டேங்க் வந்த நான்காம் நாள் போன் செய்தேன். எடுத்தவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "எந்த ஊரு, மண்டபமா? கடல் காத்துக்குத் துருப்பிடிச்சிருக்கும், அதுக்கு நாங்க என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த நான்கு நாளில் மூன்று நாள் டேங்க் அட்டைப்பெட்டிக்குள்தான் இருந்தது. ஐயா, உப்புக் காற்றைப் பற்றி மண்டபத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். இங்கே கதவுத் தாழ்ப்பாள் இரண்டு வருஷம் தாங்காது. பெயின்ட் விட்ட இடத்தில் தொடங்கிப் புள்ளி புள்ளியாகத் துரு பரவுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் டேங்கில் வெளியே ஒரு புள்ளி கிடையாது. அடியில், இரண்டு தகடும் சேரும் வெல்டிங்கில், பெட்ரோலைத் திறந்து மூடும் காக்குக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கசிகிறது. பெட்ரோலை வடித்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, காக் வழியாக வாயால் ஊதினால் அந்த விரல் நீளம் முழுக்க வரிசையாகக் குமிழி கிளம்புகிறது. வீடியோ மூன்று முறை அனுப்பிவிட்டேன். சொட்டும் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேல் விழுகிறது, அன்று பின்னால் என் மகன் உட்கார்ந்திருந்தான், தீப்பிடித்திருந்தால் குடும்பமே போயிருக்கும்.

சைடு பாக்ஸ் மூடி இரண்டும் இடது பக்கத்துக்கானவை. அதைச் சொன்னதற்கு, "ஒண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றார் அதே ஆள்!

அப்புறம் மதுரை. எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்க ஆள் இல்லையாம், மதுரை டெலிவரி டிப்போவில் கொண்டுவந்து கொடுத்தால் அன்றே மாற்றித் தருவோம் என்று உங்கள் அலுவலகத்து அம்மா ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு, டேங்கைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். பெட்ரோல் வாடைக்குக் கண்டக்டர் ராமநாதபுரத்திலேயே இறங்கச் சொன்னார், கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனேன். டிப்போவில், "நாங்க டெலிவரி மட்டும்தான், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார்கள். நாலு மணி வரை வாசலில் நின்றேன். அதே டேங்கோடு ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாதது பழைய டேங்க். 1984இல் அப்பா வாங்கிய வண்டி இது, மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் சந்தைக்குப் போய்வந்த வண்டி. ஓட்டையை எம்-சீல் பசையால் அடைத்து அடைத்தே அந்த ஒரிஜினல் டேங்கை ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆர்டர் எடுக்கும்போது உங்கள் ஆள், "அப்படியே உட்காரும் சார், கண்ணை மூடிக்கிட்டுப் பழசைத் தூக்கிப் போடுங்க" என்றார். நம்பிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். திரும்பப் போய்க் கேட்டபோது லோடு போய்விட்டது. இந்த வண்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடியது, ஒரிஜினலுக்கு இனி எங்கே போவேன்? உங்களைப் போன்றவர்களை நம்பித்தானே இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறோம்? புது டேங்க் சேஸிஸில் உட்காரவும் இல்லை, மெக்கானிக் ரப்பர் வெட்டி முட்டுக் கொடுத்துத்தான் மாட்டினார்.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் செட்டின் விலை 14,500 ரூபாய், மெக்கானிக் கூலி, மதுரைச் செலவு, கடை பூட்டிய நாட்கள் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். 15 நாளில் முழுப் பணமும் வர வேண்டும், டேங்கை உங்கள் செலவில் என் வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு டேங்க் அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார், அடுத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, விசாரித்துவிட்டேன். பில், வீடியோ, மதுரை பஸ் டிக்கெட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

தயவுசெய்து இந்த முறை போனில் அந்த ஆளைப் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்